தெருப்பக்கத்து ஜன்னல்

அந்த ஊரில் மேஸ்திரியைத் தேடிக்கொண்டு வரும் வெளியூர்க்காரர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். மீசை வைத்த ஆள் யாராவது கண்ணில் படுகிறாரா என்று சாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கடைசியில், மேலே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கலவையை வழித்துக்கொண்டிருக்கும் அம்மாளையே அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, மேஸ்திரி எங்கே?" என்று கேட்பார்கள். "நான் இறங்கி வரட்டுமா, இல்ல அங்கேருந்தே சொல்றீங்களா?" என்பாள் அவள். வந்தவர் முகத்தில் ஈயாடாது. இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்காகவே கீழே கலவை குழைக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

யாரும் கையில் பூச்சுக்கரண்டியோடு பிறப்பதில்லை. ஊரையே இடித்துப்போட்ட அந்தச் சண்டைக்கு முன்னால் அவள் வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கொத்தனார் அவள் புருஷன்தான். சண்டைக்குப் போனவர் நல்லபடியாகத் திரும்பினார். வலது கையும் தோளில் தொங்கிக்கொண்டு கூடவே வந்தது. ஒரு தீப்பெட்டியைப் பிடிக்கும் பலம்கூட அதில் மிச்சமில்லை. வந்த அன்றைக்கு, இடிந்து கிடந்த சமையலறைச் சுவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கரண்டியை எடு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் உட்கார்ந்து ஏவினார், அவள் நின்று செய்தாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இந்த வீட்டில் அதிலிருந்து ஒரு சுவர் எழும்பியது, அவ்வளவுதான் வித்தியாசம். "கலவை தண்ணியா இருக்கு" என்பார். "உங்க நாக்கு மட்டும் கெட்டியா இருக்கு" என்பாள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் சுவர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். உடைத்துவிட்டு மறுபடி கட்டுவாள். அவர் எரிந்து விழுவார், அவள் கரண்டியை வீசிவிட்டுப் போவாள், டீ குடித்துவிட்டு வந்து திரும்ப எடுப்பாள். சமையலறைச் சுவர் நேராக நின்ற அன்று, அவர் நாற்காலியை விட்டு எழுந்துபோய் இடது உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தார். நல்லாயிருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பக்கத்து வீட்டுக்காரி கேட்டா மாட்டேன்னு சொல்லிடாதே" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் கேட்டாள். இடிந்த சுவருக்கு அந்த ஊரில் பஞ்சமே இல்லை. எடுத்துக்கட்டும் ஆண்களுக்குத்தான் பஞ்சம். பாதிப்பேர் திரும்பவே இல்லை, திரும்பியவர்களில் பலர் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே பெண்கள் வந்தார்கள். இடிபாடுகளுக்குள் வரிசையாக நின்று, செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவந்தார்கள். ஒட்டியிருந்த பழைய கலவையைச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு கல்லை இன்னொரு கல்லால் தட்டிக் கணீரென்று கேட்டால் வைத்துக்கொண்டார்கள், சொத்தென்று கேட்டால் தூக்கி எறிந்தார்கள். சினிமாக் கொட்டகைக் கல்லும் சிறைச்சாலைக் கல்லும் ஒரே சுவரில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தன. கொஞ்ச காலத்தில் அது ஒரு கோஷ்டியாகவே ஆகிவிட்டது. அவளை மேஸ்திரி என்று முதலில் யார் கூப்பிட்டார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள், அது நிலைத்துவிட்டது.

அந்தக் கோஷ்டியில் மேஸ்திரிக்கு வலக்கை போல இருந்தவளை எல்லோரும் லாரி என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குகிற மூட்டையை ஒற்றையாளாகத் தூக்கிக்கொண்டு போவாள். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வராது, திரும்பி ஹாரன் அடிப்பாள்.

இவர்களிடம்தான் நகரசபை பிரசவ ஆஸ்பத்திரியைக் கட்டித் தரச் சொன்னது. சண்டைக்கு அப்புறம் ஊருக்கென்று எழும்பிய முதல் கட்டடம் அது. அதைக் கட்டி முடித்தால் அடுத்தது பள்ளிக்கூடம். ஆனால் அதற்குள், முன்பு ஊரில் கட்டட வேலையெல்லாம் எடுத்துச் செய்த காண்ட்ராக்டர் திரும்பி வந்துவிட்டார். சண்டை தொடங்கியதும் பாதுகாப்பாக வெளிநாட்டுக்குப் போனவர், அது முடிந்ததும் அதே பாதுகாப்போடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "அவசரத்துக்குப் பொம்பளைங்க கட்டினாங்க, சரி, பாவம். இனி நாங்கதான் வந்துட்டோமே, அவங்க நிம்மதியா வீட்டைப் பார்த்துக்கட்டும்." பள்ளிக்கூடம் கைக்கு வராவிட்டால் கோஷ்டி கலைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி மறுபடி பாத்திரம் துலக்கப் போவாள், இன்னொருத்தி மைத்துனன் வீட்டில் ஒண்டிக்கொள்வாள். மேஸ்திரி மறுபடி காஜா எடுக்கலாம். நினைத்தாலே அவளுக்கு விரல் நுனியெல்லாம் எரிந்தது.

ஆஸ்பத்திரி நன்றாகத்தான் எழும்பியது. வரைபடம் எல்லாம் கிடையாது. நகரசபை ஓவர்சியர் வந்து தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, "வாசல் இங்கே, பிரசவ ஹால் இங்கே, ஜன்னலெல்லாம் வழக்கம்போல" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கம்போலவே வைத்தார்கள். சுவர் எழும்பியது, கூரை வார்த்தாயிற்று, பூச்சும் முடிந்தது. வெள்ளையடிக்க ஒரு பெயிண்டர் வந்தான். காண்ட்ராக்டரின் மச்சான், அவரோடு போய் அவரோடு வந்தவன். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஹாலைச் சுற்றும்முற்றும் பார்த்தான்.

"தெருப்பக்கம் ஜன்னல் எங்கம்மா?"

"தெருப்பக்கம் எதுக்கு ஜன்னல்?" என்று அங்கிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கேட்டபிறகுதான் அந்த வார்த்தை அவர்கள் காதிலேயே விழுந்தது. மேஸ்திரி திரும்பித் தன் சுவரைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வழவழவென்று, நூல் பிடித்த மாதிரி நேராக, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் நின்றது.

சண்டைக் காலத்தில் குண்டு வந்ததெல்லாம் தெருவழியாகத்தான். தெருவைப் பார்த்த ஜன்னல்களை எல்லா வீட்டிலும் செங்கல் வைத்து அடைத்தார்கள். கட்டிலை உள்பக்கம் நகர்த்தினார்கள், பிள்ளைகளை உள்பக்கம் படுக்க வைத்தார்கள். சண்டை முடிந்து புதிதாகச் சுவர் கட்டியபோதும் தெருப்பக்கம் ஜன்னல் வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நினைப்பே வரவில்லை. ஓவர்சியரும் தினமும் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அவரும் இதே ஊரில்தானே இருந்தார்!

ஓவர்சியரைக் கூட்டி வந்து காட்டினார்கள். மனிதர் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திறப்பு விழா தேதி குறிச்சாச்சு மேஸ்திரி. அந்தச் சுவர்ல பெரிசா ஆஸ்பத்திரி பேரை எழுதிடலாம். வேணும்னே விட்ட மாதிரி இருக்கும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

"எனக்குத் தெரியுமே சார்."

அங்கே பிரசவம் பார்க்கப்போகிற நர்ஸம்மாவும் வந்து பார்த்தாள். அவள் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "முற்றத்துப் பக்கத்து ஜன்னலை எதிர் வீட்டுச் சுவர் மறைக்குது. கரண்ட் வர்றதும் போறதும் அதோட இஷ்டம். நான் பிரசவம் பார்க்கணுமா, கண்ணாமூச்சி ஆடணுமா?" என்றாள்.

மேஸ்திரி அன்று வீட்டுக்குப் போனதும் புருஷனிடம், "உடைக்கப் போறேன்" என்றாள்.

"கூரை வார்த்த சுவரா? பைத்தியமா உனக்கு? அப்படியே உட்கார்ந்துடும்."

"உள்ளே முட்டுக் கொடுப்போம். ஜன்னலுக்கு மேல கனம் தாங்கற லிண்டலை ரெண்டு பாதியா வார்த்துக்கறேன். முதல்ல வெளிப்பக்கம் பாதிச் சுவரை வெட்டி ஒரு பாதியைச் சொருகுவேன். அது இறுகினதும் உள்பக்கம் இன்னொரு பாதி. மேல கனம் தாங்கினப்புறம்தான் கீழ கல்லை உருவுவேன்."

அவர் மனசுக்குள் அந்தச் சுவரை வெட்டிப் பார்த்தார். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றார், அகப்படவில்லை. அதில் அவருக்கு எரிச்சல்தான். "முட்டுக்கு ஆப்பு வைக்கிறதை நான் பார்த்துக்கறேன். உன் ஆளுங்களுக்கு அது வராது" என்றார்.

திறப்பு விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லி அவளே நகரசபைத் தலைவரிடம் போய் நின்றாள். தப்பு எங்களுடையது, நாங்களே சரி செய்கிறோம் என்றாள். தலைவர் முகம் சுருங்கியது, ஆனாலும் தேதியைத் தள்ளிவைத்தார். காண்ட்ராக்டருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மச்சான் வேறு எதற்கு இருக்கிறான்! "கட்டின சுவரைத் தாங்களே இடிக்கிறாங்களாம். இவங்களை நம்பியா பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல உட்கார வைக்கறது?" என்று டீக்கடையில் கூட்டம் சேர்த்துவிட்டார்.

உளியை எடுக்கும்போது லாரி மட்டும் முன்வரவில்லை. சுவரோரமாக நின்று தலையை ஆட்டினாள்.

"நான் மாட்டேன்க்கா. மூட்டை தூக்கச் சொல்லுங்க, மண்ணு வெட்டச் சொல்லுங்க. இது முடியாது."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சண்டை நடந்த நாளில், மழை பெய்கிறதா என்று பார்க்கத் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தவள் அவளுடைய தங்கை. தலையை நீட்டியதும் குண்டு பாய்ந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியது லாரிதான். மேஸ்திரி அவள் தோளைத் தட்டி, "நீ போய் லிண்டலுக்கு ஈரச் சாக்குப் போடு, காயவிடாதே" என்று அனுப்பிவைத்தாள்.

பொறுமையான வேலை அது. வெளிப்பக்கம் வெட்டி, பாதி லிண்டலைச் சொருகி, மேலே கலவையை இறுக்கி அடைத்துக் காத்திருந்தார்கள், பிறகு உள்பக்கம். கொத்தனார் முட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சுத்தியலை இடது கையில் பிடித்து ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். சுவர் ஒரு முனகல்கூட முனகவில்லை. கடைசியில் லிண்டலுக்குக் கீழே முதல் கல்லை மேஸ்திரி உருவினாள். அடுத்த கல், அதற்கடுத்தது. தூசி அடங்கியதும் தெரு தெரிந்தது.

தெரு தெரிந்ததுதான் தாமதம், அவள் முழங்கால் தானாக மடங்கியது. என்ன நடக்கிறது என்று தெரியுமுன்னே தரையில் குத்துக்காலிட்டு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பார்த்தாள். கோஷ்டி முழுவதும் அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆப்பைக் கையில் வைத்தபடி கொத்தனாரும் உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஒரு சைக்கிள் நின்றது. சைக்கிள்காரர் திறப்புக்குள் தலையை நீட்டி, கீழே வரிசையாகக் குந்தியிருந்தவர்களைப் பார்த்தார்.

"என்னம்மா, எதைத் தொலைச்சீங்க? நானும் தேடட்டுமா?"

முதலில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லோருக்கும் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், சிரித்தபடியே சிலர் அழுதார்கள். மேஸ்திரி எழுந்தாள். அந்தத் திறப்புக்கு நேரே போய் நின்று, வெளியில் தலையை நீட்டி, தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். எத்தனை காலத்துக்கு அப்புறம்! காஜா எடுத்துக்கொண்டிருந்த நாளில்கூட அவள் இவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.

மூன்று ஜன்னல்கள் வைத்தார்கள். கண்ணாடி போட்டு, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்காமலிருக்கக் கீழ்ப்பாதியில் திரை கட்டி, ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். பிள்ளை பெற வந்தவர்கள் வந்து பார்த்தார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள். சொல்லிவிட்டு உள்பக்கத்துக் கட்டில்களில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். உள்பக்கம் இடம் போதாவிட்டால் கீழே பாயை விரித்தாலும் விரித்தார்கள், ஜன்னலோரக் கட்டில்களை யாரும் சீந்தவில்லை. அவற்றில் விரித்த வெள்ளைத் துணி கசங்காமல் கிடந்தது.

"ஜன்னல் நல்லாத்தான் இருக்கு. காத்துதான் வந்து படுத்துக்குது" என்றார் காண்ட்ராக்டர், டீக்கடையிலிருந்து. தலைவரும் மேஸ்திரியைக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் என்னம்மா பண்றது? நாளைக்குச் சபையில பள்ளிக்கூட வேலையை முடிவு பண்ணணும். காண்ட்ராக்டர் இந்த ஜன்னலையும் சேர்த்து அடைச்சுத் தர்றேங்கிறார்."

தான் வைத்த ஜன்னலை இன்னொருவன் அடைப்பான்! அவள் திரும்பி நடந்தாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது எதிரே லாரி ஓடிவந்துகொண்டிருந்தாள். கைகளில் தன் மகளைக் குழந்தையைப்போல ஏந்தியிருந்தாள். மகளுக்கு நிறைமாசம். வலி வந்துவிட்டது.

நர்ஸம்மா அவளை உள்பக்கத்துக் கட்டிலில் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தாள். வெளியே மேகம் மூடியிருந்தது. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. "குழந்தை திரும்பிக் கிடக்கு. இந்த இருட்டுல எனக்குக் கை தெரியல. ஜன்னல் பக்கம் போட்டா நான் பார்ப்பேன். இங்கதான் வேணும்னா, தடவித்தான் பார்க்கணும்."

லாரி மேஸ்திரியைப் பார்த்தாள். கண் இரண்டும் கெஞ்சின. நாளைக்கு நடக்கப்போகும் சபையும் பள்ளிக்கூடமும் ஒரு நொடி மேஸ்திரியின் மனதில் வந்து போயின. வந்ததற்காகத் தன்மேலேயே வெட்கப்பட்டாள்.

"உன் பொண்ணு. நீ சொல்றதுதான்" என்றாள்.

லாரி மகளைப் பார்த்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, "எங்கேயாவது போடும்மா!" என்று அலறினாள். லாரி அவளை அலாக்காகத் தூக்கி ஜன்னலோரக் கட்டிலில் கிடத்திவிட்டு விடுவிடென்று வெளியே போனாள். அடுத்த நிமிஷம் அந்தக் கட்டில் பக்கம் இருண்டுவிட்டது. தெருவில் அந்த ஜன்னலுக்கு வெளியே, ஹாலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு லாரி நின்றாள். அவளைத் தாண்டிக் கட்டிலுக்கு வெளிச்சம் வர வழியே இல்லை.

"ஏய் லாரி! வெளிச்சத்துக்குத்தானே இங்கே போட்டேன்! நகரு!" என்று நர்ஸம்மா உள்ளேயிருந்து கத்தினாள். லாரி அசையவில்லை. டீக்கடையில் காண்ட்ராக்டரும், அவரோடு பேச வந்திருந்த தலைவரும், இன்னும் நாலு பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

மேஸ்திரி வெளியே வந்து லாரியின் பக்கத்தில் நின்றாள். பிடித்து இழுக்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எதிர்ல யாரு?"

"டீக்கடை."

"டீக்கடையில?"

லாரி உற்றுப் பார்த்தாள். "காண்ட்ராக்டர். வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிறாரு."

"அவரு சுடுவாரா?"

"அவரா? ஆறின டீயையே ஊதி ஊதித்தான் குடிக்கிறாரு."

சொல்லும்போதே லாரியின் உதடு கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. விரித்த கைகள் கீழே இறங்கின. ஒரு அடி தள்ளி நின்றாள். மேஸ்திரி அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். இரண்டு பேருமாகச் சுவரில் சாய்ந்து, ஜன்னலை விட்டு விலகி, தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே நர்ஸம்மாவின் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "தெரியுது, தெரியுது... அப்படித்தான்... இன்னும் கொஞ்சம்..."

பிறகு குழந்தை அழுதது. தெரு முழுக்கக் கேட்கும்படி, யாருக்கும் பயப்படாத ஒரு அழுகை. லாரி சுவரோரமாகவே சரிந்து உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். உள்பக்கத்துக் கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒருத்தி, "நர்ஸம்மா, அந்தப் பக்கத்து ஜன்னல் கட்டில் காலிதானே?" என்று கேட்டது வெளியே தெளிவாகக் கேட்டது.

தலைவர் தெருவைக் கடந்து வந்தார். காண்ட்ராக்டர் எழுந்து நின்றவர்தான், உட்காரவும் தோன்றாமல் அங்கேயே நின்றார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"பள்ளிக்கூடத்துக்கும் தெருப்பக்கம் ஜன்னல் வைப்பீங்க இல்ல?"

"உட்கார்ந்திருக்கிற புள்ளைக்கும் தெரு தெரியற மாதிரி, தாழ்வா வைப்போம்" என்றாள் மேஸ்திரி. "அப்படி வேணாம்னா அவர்கிட்டயே குடுத்துடுங்க."

தலைவர் டீக்கடைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "சரி, சபையில நான் சொல்லிக்கறேன். நாளைக்கு வந்து இடத்தை அளந்துக்குங்க."

"நாளைக்கு எதுக்கு?" என்றாள் அவள், இடுப்பிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டே. "லாரி, நீ பேரப்பிள்ளையைப் பார்த்துட்டு மெதுவா வா. மத்தவங்கல்லாம் என்கூட வாங்க."